உடைசல் பதிவேடு

பர்கூர் சாலையில் எங்கள் கிரானைட் பட்டறை.
நான் கல்லைத் தொடுவதில்லை, உடைந்ததை எழுதுகிறவள்.
தேதி, கல் எண், நீளம், அகலம், காரணம்.
காரணத்துக்கு விட்ட கட்டம் மிகச் சிறியது.
"விரிசல்" என்று எழுதினால் நிறைந்துவிடும்.

வடக்குக் கொட்டகையில் சிலைகள்:
லாரி ஏறக் காத்திருக்கும் நந்திகள்,
கண் திறக்காத அம்மன்கள்.
தெற்கில் கப்பலேறும் கல்லறைக் கற்கள்.
இரண்டும் ஒரே குவாரியின் கறுப்பு.
மதியச் சோற்றில் விழும் தூசியில்
எது எந்தக் கொட்டகைத் தூசி என்று
இதுவரை எனக்குத் தெரிந்ததில்லை.

ஆனியில் ஹைஃபாவிலிருந்து ஓர் ஆர்டர்.
படம் வேண்டாம், பூ வேண்டாம், எழுத்து மட்டும்.
தாழ்ப்பாள்களை வரிசையாய் வைத்ததுபோல
எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.
ஸ்டென்சில் ஒட்டி, மணல் அடித்து, கழுவி நிறுத்தியபின்
பாலீஷ் மெஷின் சதக்கத்துல்லா வந்து பார்த்தார்.
"இது திரும்பிக் கெடக்கு மேடம்."
உங்களுக்கு இந்த மொழி தெரியுமா?
"தெரியாது. வலமிருந்து வர்ற எழுத்து
வலப்பக்கம்தான் ஒரே கோடா நிக்கும்.
இது இடப்பக்கம் நிக்குது பாருங்க.
கண்ணாடிக்குள்ள மாட்டின மாதிரி."

அன்றைய டீ ஆறியது.
இப்ராஹீம் நபியின் தகப்பனும் சிலைக்காரர்தான் என்றார் அவர்.
ஊரே திருவிழாவுக்குப் போன நேரம்
மகன் கோடரியோடு உள்ளே நுழைந்தாராம்.
பெரியதை மட்டும் விட்டுவிட்டு
அதன் தோளிலேயே கோடரியை மாட்டி,
"யார் உடைச்சதுன்னு இதைக் கேளுங்க" என்றாராம்.

ஃபோர்க்லிஃப்ட் இன்னாசிமுத்து, கோவிலூர்க்காரர், ஒப்பவில்லை.
"எங்க வேதத்துல ஆபிரகாம் வீட்டை விட்டுப் புறப்பட்டாரு.
அவ்வளவுதான். உடைச்சதா ஒண்ணும் இல்லையே."
மெயில் அனுப்பும் நவநீதன் செல்போனைத் தடவி
யூதர்களும் அந்தக் கதையைச் சொல்கிறார்களாம் என்றான்.
பலிக்கல்லில் கிடத்தியது மூத்தவனையா இளையவனையா என்று
பேச்சு அடுத்துத் திரும்பி, சூடாகி,
சைரன் ஊதியதும் பாதியில் நின்றது.
கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்னாசி மட்டும் வண்டியில் ஏறும்போது சொன்னார்:
"எரியுற முள்செடிகிட்ட ஒருத்தர் பேர் கேட்டாராம் மேடம்.
பேரே வரலை. இருக்கேன்னு மட்டும் பதில்."

அன்றிரவு கிருஷ்ணகிரியில் கரண்ட் இல்லை.
சையத் பாஷா மலை இருட்டோடு இருட்டாய் நின்றது.
எல்லோரும் அந்த மகனைப் பேசுகிறார்கள்.
எனக்கு அந்தத் தகப்பனை விட்டு நகர முடியவில்லை.
திருவிழா முடிந்து, கையில் ஏதோ பலகாரத்தோடு
கடையைத் திறந்தவர்.
முன்பணம் வாங்கியவை எத்தனை,
யார் யாருக்கு என்ன சொல்வது,
மூக்கு மட்டும் போனதை ஒட்டி விற்கலாமா.
மகன் மேல் கோபம் வருவதற்கு முன்னால்
அவர் எண்ணித்தான் இருப்பார்.
எண்ணாமல் எப்படி?
நானாயிருந்தால் விளக்கேற்றி உட்கார்ந்து
வந்த உருப்படி, விற்றது, உடைந்தது எழுதி
கீழே இரட்டைக் கோடு போட்டு
இருப்பு: ஒன்று
என்று எழுதியிருப்பேன்.
எழுதிய பின் அந்தச் சொல்லையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்,
அதன் தோளில் கோடரி இருந்தும்.

காலையில் புது ஸ்டென்சில் வெட்டச் சொன்னேன்.
மூன்றடிக்கு இரண்டடி, நல்ல கல். நஷ்டம் நஷ்டம்தான்.
முதலாளி கேட்டால் காட்ட வேண்டுமே என்று
பழையதைத் தண்ணீர்த் தொட்டியோரம் நிறுத்திவைத்திருக்கிறோம்.
தொட்டிக்குள் தெரிகிற எழுத்தை
தலையைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தால் சரியாக இருக்கிறது என்கிறார் சதக்கத்துல்லா.
இன்னாசியும் ஒருமுறை கவிழ்ந்து பார்த்தார்.
நான் புடவையில் இருக்கிறேன், பார்க்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.